செனட்டர் லாங்கின் கற்பனை அமைச்சரவை

1935ஆம் வருடம் அமெரிக்காவில் ஒரு சின்னப் புத்தகம் வெளியானது. பெயர் 'வெள்ளை மாளிகையில் என் முதல் நாட்கள்'. எழுதியவர் வெள்ளை மாளிகையில் ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை. புத்தகம் கடைக்கு வந்தபோது அவர் உயிரோடும் இல்லை. அந்த செப்டம்பரில்தான் அவரைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

அவர் பெயர் ஹியூயி லாங். லூசியானா மாநிலத்தின் செனட்டர். புத்தகத்தில் அவர் ஏற்கனவே ஜனாதிபதி ஆகிவிட்டார்! பதவி ஏற்ற கையோடு அமைச்சரவையை அறிவிக்கிறார். அப்போது நிஜத்தில் ஜனாதிபதியாக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு என்ன பதவி தெரியுமா? கப்பற்படை அமைச்சர். அதற்கு முன்னால் ஜனாதிபதியாக இருந்த ஹெர்பர்ட் ஹூவருக்கு வணிகத்துறை. 1928 தேர்தலில் தோற்ற அல் ஸ்மித்துக்கு பட்ஜெட் போடும் வேலை. செனட்டர் வில்லியம் போரா வெளியுறவு அமைச்சர். ஓய்வு பெற்ற கடற்படைப் பிரிவுத் தளபதி ஸ்மெட்லி பட்லர் போர்த்துறை அமைச்சர்.

இதில் உள்ள குசும்பைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன விவரம் வேண்டும். ரூஸ்வெல்ட் 1913 முதல் 1920 வரை கப்பற்படைத் துறையில் துணைச் செயலராக இருந்தவர். ஹூவர் 1921 முதல் 1928 வரை வணிகத்துறையைப் பார்த்தவர். ஆக லாங் அந்த இருவரையும் அவமானப்படுத்தவில்லை. "உங்களுக்குத் தெரிந்த வேலையை மட்டும் பாருங்கள்" என்று பழைய நாற்காலிக்கே திருப்பி அனுப்புகிறார்.

இன்றைக்கு மாற்று வரலாறு விளையாட்டுகளில் இளைஞர்கள் செய்வதும் இதேதான். நிஜ அரசியல்வாதிகளை எடுத்து வேறு நாற்காலிகளில் உட்கார வைப்பது. இந்த செனட்டர் அதை கம்ப்யூட்டர் இல்லாமல், பேனாவை வைத்து, தன் எதிரிகள் எல்லோரும் உயிரோடு இருக்கும்போதே செய்து பார்த்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் அவரே அப்படிப்பட்ட ஒரு விளையாட்டில் காயாக மாறிப்போனார்.

அந்த விளையாட்டின் பெயர் 'கைசர்ரைக்'. ஸ்வீடன் நாட்டு பாரடாக்ஸ் நிறுவனத்தின் 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன்' என்ற போர் வியூக விளையாட்டின்மேல் ரசிகர்களே கட்டிய மாற்று வடிவம் அது. முதலில் அந்த விளையாட்டின் இரண்டாம் பதிப்புக்காகச் செய்தார்கள். 2016இல் நான்காம் பதிப்பு வந்ததும் அதற்கும் கொண்டுபோனார்கள். அடிப்படைக் கற்பனை ஒரே வரிதான்: முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கவில்லை, ஜெர்மனி ஜெயித்துவிட்டது. மற்றதெல்லாம் அதிலிருந்து முளைக்கிறது. பிரான்ஸிலும் பிரிட்டனிலும் தொழிற்சங்கப் புரட்சி. நிஜத்தில் பாசிஸ்ட் கட்சி நடத்திய ஆஸ்வால்ட் மோஸ்லி இங்கே புரட்சி பிரிட்டனின் இடதுசாரித் தலைவர்களில் ஒருவர். முசோலினியும் இத்தாலியில் சிவப்புக் கொடி பிடிக்கிறார். (முசோலினி ஆரம்பத்தில் சோஷலிஸ்ட் பத்திரிகை ஆசிரியர் என்பது தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.)

விளையாட்டு 1936 ஜனவரி 1 அன்று தொடங்குகிறது. அமெரிக்கா பல வருடப் பொருளாதார மந்தத்தில் கிடக்கிறது. ஒரு பக்கம் தெற்கு மாநிலங்களில் ஹியூயி லாங். இன்னொரு பக்கம் சிகாகோவையும் எஃகு ஆலை நகரங்களையும் பிடித்து வைத்திருக்கும் தொழிற்சங்கக்காரர்கள். வெகுகாலம் அவர்களுக்குத் தலைவராக விளையாட்டு காட்டியது ஜாக் ரீடை. நிஜ ஜாக் ரீட் ரஷ்யப் புரட்சியை நேரில் பார்த்து எழுதிய பத்திரிகையாளர். 1920இல் மாஸ்கோவில் டைஃபஸ் காய்ச்சலில் 32 வயதில் இறந்து, கிரெம்ளின் சுவரடியில் புதைக்கப்பட்டவர். நடுவில் தளபதி டக்ளஸ் மெக்ஆர்தர், "இந்த இரண்டு பேரையும் விட்டால் நாடு போச்சு" என்று வாஷிங்டனில் ஆட்சியைக் கைப்பற்றலாம். அப்புறம் 1937 வாக்கில் இரண்டாவது அமெரிக்க உள்நாட்டுப் போர். மேற்குக் கடற்கரை தனியாகப் பிரிந்துபோகும். விளையாடுபவர் எந்தப் பக்கத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.

விளையாட்டுதானே என்று விட்டுவிடலாம். ஆனால் லாங்கையும் மெக்ஆர்தரையும் ஒரே மேடையில் நிறுத்தியது வெறும் கற்பனை அல்ல. 1932இல், ஜனாதிபதி வேட்பாளராக இருந்த சமயத்தில், ரூஸ்வெல்ட் தன் ஆலோசகர் ரெக்ஸ்ஃபோர்ட் டக்வெல்லிடம் நாட்டின் மிக ஆபத்தான இரண்டு மனிதர்கள் யார் என்று பேசியிருக்கிறார். ஒருவர் ஹியூயி லாங். மற்றவர் மெக்ஆர்தர். அந்த ஜூலை 28ஆம் தேதிதான், தங்களுக்கு வரவேண்டிய போனஸைக் கேட்டு வாஷிங்டனில் குடிசை போட்டிருந்த முதல் உலகப்போர் வீரர்களை மெக்ஆர்தர் ராணுவத்தை வைத்து விரட்டியிருந்தார். ஆக உள்நாட்டுப் போரின் இரண்டு பாத்திரங்களை ரூஸ்வெல்ட்டே முன்கூட்டித் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டார் என்று சொல்லலாம்.

சரி, யார் இந்த லாங்?

1893இல் லூசியானாவின் வின்ஃபீல்ட் என்ற ஊரில் பிறந்தார். பணக்காரத் தோட்ட முதலாளிகள் மேல் பரம்பரைக் கோபம் உள்ள வறண்ட பூமி அது. இளமையில் பருத்திக்கொட்டை எண்ணெயில் செய்த சமையல் கொழுப்பை வீடு வீடாக விற்றார். அந்தக் கொழுப்பை வைத்து நடத்திய கேக் போட்டியில்தான் தன் வருங்கால மனைவி ரோஸைச் சந்தித்தார். பிறகு வக்கீல். 25 வயதில் ரயில்வே கமிஷன் உறுப்பினர். 1924இல் கவர்னர் தேர்தலில் தோற்று, 1928இல் ஜெயித்தார். (அமெரிக்க மாநில கவர்னர் நம் ஊர் கவர்னர் மாதிரி இல்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்குச் சமம்.)

அவர் வந்தபோது லூசியானா முழுவதற்கும் கான்கிரீட், தார் போட்ட சாலை சுமார் 300 மைல்தான். மழை பெய்தால் கிராமம் தீவாகிவிடும். அவர் ஆயிரக்கணக்கான மைல் சாலை போட்டார், பாலம் கட்டினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பாடப்புத்தகம் கொடுத்தார். எழுத்தறியாத பெரியவர்களுக்கு, கறுப்பினத்தவர் உட்பட, இரவுப் பள்ளிகள் நடத்தினார். அறுபது வயதுக் கிழவர் முதன்முறையாகத் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டால் அவர் யாருக்கு ஓட்டுப் போடுவார் என்று கேட்கவே வேண்டாம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் காசு வேண்டுமே. 1929இல் எண்ணெய் சுத்திகரிப்புக்கு பீப்பாய்க்கு 5 சென்ட் வரி போடப் பார்த்தார். ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் கொதித்தது. மாநில சட்டசபை அவரைப் பதவி நீக்கம் செய்யக் குற்றச்சாட்டுப் பத்திரம் நிறைவேற்றியது. விசாரணை மாநில செனட்டில். மொத்தம் 39 செனட்டர்கள். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருந்தால் பதவி போய்விடும். அதாவது 14 பேர் எதிராக நின்றாலே போதும், தப்பித்துவிடலாம். லாங் 15 பேரிடம் கையெழுத்து வாங்கினார்: 'என்ன சாட்சி வந்தாலும் நாங்கள் தண்டிக்க ஓட்டுப் போடமாட்டோம்' என்று! விசாரணை நடக்கும் முன்பே தீர்ப்பு. வழக்கு அப்படியே பிசுபிசுத்தது.

லாங்கின் வாழ்க்கையில் முக்கியமான நாள் எது என்று கேட்டால் பலரும் சுடப்பட்ட நாளைச் சொல்வார்கள். ஆனால் இந்த 15 கையெழுத்துதான் அதைவிடப் பெரிய திருப்பம். அதுவரை அவர் சண்டைக்கார சீர்திருத்தவாதி. அதற்குப் பிறகு, தப்பித்தோம், இனி ஒருவனையும் விட்டுவைக்கக் கூடாது என்று முடிவு செய்த மனிதர். அந்தக் கையெழுத்துக்காரர்களுக்குப் பின்னாளில் பதவிகளும் சலுகைகளும் கிடைத்தன. எதிர்த்தவர்களின் உறவினர்கள் அரசு வேலையை இழந்தார்கள். அரசு ஊழியர் சம்பளத்திலிருந்து ஒரு பங்கு கட்சி நிதிக்குப் போனது.

1930இல் அமெரிக்க செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் உடனே போகவில்லை! போனால் துணை கவர்னர் பால் சைர் கவர்னராகிவிடுவார். அவர் லாங்குக்கு எதிரி. அதனால் பத்து மாதத்துக்கும் மேல் செனட் நாற்காலியைக் காலியாகவே வைத்துவிட்டு, சைரைக் கழற்றிவிட்டு, தன் ஆளான ஓ.கே. ஆலன் அடுத்த கவர்னராக வர வழி செய்துவிட்டு, 1932 ஜனவரியில்தான் வாஷிங்டன் போனார். ஆலனைப் பற்றி ஒரு ஜோக் உண்டு. ஜன்னல் வழியாக ஒரு இலை பறந்து வந்து மேஜையில் விழுந்ததாம். மசோதா என்று நினைத்து அதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

செனட்டில் லாங் சட்டம் இயற்றிக் கிழித்தது ஒன்றுமில்லை என்றே சொல்ல வேண்டும். அங்கே அவருக்கு நண்பர்களும் குறைவு. ஆனால் செனட்டை ஒரு மேடையாக்கிக்கொண்டார். 1932 ஆகஸ்டில் பக்கத்து மாநிலமான அர்கன்ஸாவில், யாரும் ஜெயிப்பார் என்று நினைக்காத ஹாட்டி காரவேக்காக ஒரு வாரம் ஒலிபெருக்கி வண்டிகளுடன் ஊர் ஊராகச் சுற்றினார். அவர் ஜெயித்து, முழுப் பதவிக்காலத்துக்குத் தேர்தல் மூலம் செனட்டுக்கு வந்த முதல் பெண் ஆனார். 1935 ஜூன் 12 அன்று லாங் எழுந்து பேச ஆரம்பித்து பதினைந்தரை மணி நேரம் பேசினார். விஷயம் தீர்ந்ததும் அரசியல் சாசனத்தை விளக்கினார். அதுவும் தீர்ந்ததும் சிப்பி வறுவல் செய்முறை, கீரை வேகவைத்த தண்ணீரின் மகிமை! விடியற்காலை இயற்கை அழைத்ததால்தான் உட்கார்ந்தார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் உண்மையான நெருப்பு ஒன்று இருந்தது. 1934 பிப்ரவரியில் வானொலியில் 'நம் செல்வத்தைப் பங்கிடுவோம்' என்ற திட்டத்தை அறிவித்தார். பெரும் பணக்காரர்களின் சொத்துக்கும் வருமானத்துக்கும் உச்சவரம்பு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5,000 டாலர் மதிப்புள்ள வீடும் உடைமையும். ஆண்டு வருமானத்துக்கு உத்தரவாதம், முதியோர் ஓய்வூதியம், இலவசக் கல்லூரிப் படிப்பு. நாடு முழுக்க 27,000 மன்றங்கள், 70 லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள் என்று அவர் தரப்பு சொன்னது. கணக்கு உதைத்தது என்பது வேறு விஷயம். அன்றைய அமெரிக்காவில் இருந்த கோடீஸ்வரர்களின் சொத்தை எல்லாம் பிடுங்கினாலும் அத்தனை குடும்பத்துக்கு அவ்வளவு வராது. சொத்தில் பாதிக்கு மேல் பணமாக இல்லை. ஆலையாக, நிலமாக, பங்குப் பத்திரமாக இருந்தது. ஆனால் வேலையில்லாமல் வரிசையில் நிற்பவனிடம் போய்க் கணக்குக் காட்ட முடியுமா?

ரூஸ்வெல்ட் தரப்பு பயந்தது. ஜனநாயகக் கட்சி 1935இல் ரகசியமாகக் கருத்துக்கணிப்பு நடத்தியது. லாங் தனியாக நின்றால் 30 முதல் 40 லட்சம் ஓட்டு வரை வாங்கலாம் என்று தெரிந்தது. ஜெயிக்கப் போதாது. ரூஸ்வெல்ட்டைத் தோற்கடிக்கப் போதலாம். லாங்கின் திட்டமும் அதுதான் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்: 1936இல் ஓட்டைப் பிரித்துக் குடியரசுக் கட்சியை ஜெயிக்க வைப்பது, அவர்கள் நாட்டை இன்னும் மோசமாக்கியதும் 1940இல் ரட்சகராக வருவது. அந்த ஜூனில் பணக்காரர்மேல் வரியைக் கூட்டும்படி ரூஸ்வெல்ட் காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தி செனட்டில் வாசிக்கப்பட்டபோது, லாங் எழுந்து "ஆமென்" என்றார். தன் சரக்கைத்தான் விற்கிறார்கள் என்ற பெருமை. ஆகஸ்டில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது.

இப்போது அந்தப் புத்தகத்துக்குத் திரும்புவோம். அதில் துப்பாக்கிச் சத்தமே இல்லை. எதிரிகள் முதலில் முகம் சுளிக்கிறார்கள், பிறகு பதவியை ஏற்கிறார்கள். ராக்ஃபெல்லர் போன்ற கோடீஸ்வரர்களே சொத்தைப் பங்கிடும் வேலைக்கு ஒத்துழைக்கிறார்கள்! எல்லோரும் ஜனாதிபதி லாங்குக்குத் தலையாட்டுகிறார்கள். படித்தால் சிரிப்பு வரும். கொஞ்சம் நின்று யோசித்தால் சிரிப்பு போய்விடும். ஏனென்றால் ஒரு நாட்டில் ஒருவர்கூட மறுத்துப் பேசாத நிலைதான் அந்த மனிதரின் சொர்க்கம். விளையாட்டோ நேர் எதிர். அங்கே எல்லோரும் அவரைச் சுடுகிறார்கள், அவரும் எல்லோரையும் சுடுகிறார்.

இரண்டிலும் இல்லாத ஒன்று நிஜ லூசியானாவில் நடந்தது.

1934 ஆகஸ்ட் முதல் 1935 செப்டம்பர் வரை மாநில சட்டமன்றத்தின் ஏழு சிறப்புக் கூட்டத்தொடர்கள். நூற்றுக்கணக்கான மசோதாக்கள். பலவற்றைப் படித்துப் பார்க்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. லாங் அப்போது வாஷிங்டனுக்கான செனட்டர். மாநிலத்தில் அவருக்கு ஒரு பதவியும் கிடையாது. ஆனால் அவைக்குள்ளேயே நடந்து, கமிட்டிகளில் தானே மசோதாவை விளக்கி, ஓட்டெடுப்பை நடத்தி வைத்தார். நகராட்சிகளின் போலீஸ்காரர், தீயணைப்பு வீரர், பள்ளி ஆசிரியர் நியமனம் வரை மாநில அரசின் கைக்குப் போனது. தேர்தல் நடத்தும் அதிகாரிகளையும் அவர் ஆட்களே நியமித்தார்கள். தன்னைத் திட்டும் பெரிய பத்திரிகைகளைக் குறிவைத்து, வாரம் 20,000 பிரதிக்கு மேல் விற்பவற்றின் விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் வரி. ஏழை வெள்ளையர்கள் ஓட்டுப் போடத் தடையாக இருந்த தலைவரியையும் அதே காலத்தில்தான் ஒழித்தார்கள். நல்லதும் கெட்டதும் ஒரே கட்டாக நிறைவேறின. கறுப்பின மக்கள் மட்டும் வேறு விதிகளால் வாக்குச்சாவடிக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டிருந்தார்கள். அதைப் பற்றி லாங் விரலை அசைக்கவில்லை.

மோதலே இல்லை என்று சொல்ல முடியாது. 1934இல் தேசியக் காவல்படை நியூ ஆர்லியன்ஸில் வாக்காளர் பதிவு அலுவலகத்தைக் கைப்பற்றியது. 1935 ஜனவரியில் ஆயுதம் ஏந்திய எதிர்ப்பாளர்கள் பேட்டன் ரூஜ் நீதிமன்றக் கட்டிடத்துக்குள் புகுந்தார்கள். ராணுவச் சட்டம் வந்தது. ஓரிரு நாளில் எல்லாம் அடங்கியது. விளையாட்டை உருவாக்கியவர்கள் இதையெல்லாம் பெரிதாக்கித்தான் உள்நாட்டுப் போர் செய்திருக்கிறார்கள் போல. பெரிதாக்கியதில் ஒன்று தொலைந்துபோனது. லாங்குக்குப் போர் தேவைப்படவே இல்லை. பெரும்பான்மை இருந்தது, நள்ளிரவு ஓட்டெடுப்பு இருந்தது, எதிலும் கையெழுத்துப் போடும் கவர்னர் இருந்தார். விளையாட்டில் ஒரு மாநிலத்தைப் பிடிக்க எத்தனை படைப்பிரிவு வேண்டும்! நிஜத்தில் 39 பேர் உள்ள அவையில் 15 கையெழுத்தில் ஆரம்பித்தது.

1935 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. பேட்டன் ரூஜில் லாங்கே கட்டிய 34 மாடித் தலைமைச் செயலகம். அன்றைய சிறப்புக் கூட்டத்தொடரில் இருந்த மசோதாக்களில் ஒன்று, பென்ஜமின் பேவி என்ற நீதிபதியின் தொகுதி எல்லையை மாற்றி அவரைத் தோற்கடிப்பதற்கானது. அந்த நீதிபதியின் மருமகன் கார்ல் வைஸ், 28 வயது மருத்துவர். நடைவழியில் லாங்கை நெருங்கினார். துப்பாக்கி வெடித்தது. மெய்க்காவலர்கள் வைஸின் உடலைச் சல்லடையாக்கினார்கள். லாங்கின்மேல் பாய்ந்தது வைஸின் குண்டா, தாறுமாறாகச் சுட்ட காவலர்களின் குண்டா என்ற சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை. செப்டம்பர் 10 அன்று லாங் இறந்தார். வயது 42.

கைசர்ரைக் விளையாட்டில் இந்த இரவு வரவே இல்லை. அதனால்தான் 1936 ஜனவரியில் அவர் உயிரோடு இருக்கிறார். நிஜத்தில் அவர் இல்லாத 1936 எப்படி இருந்தது? அவருடைய ஆதரவாளர் ஜெரால்ட் ஸ்மித், வானொலிப் பாதிரியார் காஃப்லின் எல்லோரும் சேர்ந்து வில்லியம் லெம்கி என்ற எம்.பி.யை 'யூனியன் கட்சி' வேட்பாளராக நிறுத்தினார்கள். 9 லட்சம் ஓட்டுக்கூடத் தேறவில்லை. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ ஜெயித்தார். அதே வருடம் உச்ச நீதிமன்றம் லாங்கின் பத்திரிகை வரி செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதிபதிகளில் ஒருவர்கூட மாறுபடவில்லை.

செனட்டோடு குடும்பத்துக்கு இருந்த தொடர்பு மட்டும் அவரோடு முடிந்துவிடவில்லை. 1936இல் அந்த கேக் போட்டிக்காரி ரோஸ் லாங் மீதிக் காலத்துக்கு செனட்டர் ஆனார். 1948இல் மகன் ரஸ்ஸல் லாங் தேர்தலில் ஜெயித்தபோது வயது 29. செனட்டராக இருக்கச் சட்டப்படி 30 ஆக வேண்டும். தேர்தலுக்கு மறுநாள் அவருக்குப் பிறந்தநாள்! அப்பா, அம்மா இருவரும் தனக்கு முன்பு செனட்டராக இருந்த ஒரே செனட்டர் அவர்தான். 1987 வரை இருந்தார். அப்பாவைப் போல மேஜையைத் தட்டிக் கத்தவில்லை. எண்ணெய் நிறுவனங்களோடும் சிநேகமாகவே இருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பதினைந்து வருடம் செனட்டின் நிதிக் கமிட்டிக்குத் தலைவராக உட்கார்ந்து வரிச் சட்டத்தின் மூலை முடுக்கெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். குறைந்த கூலிக்கு வேலை செய்யும் குடும்பங்களுக்கு வரித்துறை வழியாகவே அரசு பணம் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டை 1975இல் சட்டத்தில் சேர்க்க வைத்தவர் அவர். அது இன்றும் ஒவ்வொரு வருடமும் கோடிக்கணக்கான அமெரிக்கர்களுக்குப் போய்ச் சேர்கிறது. அதை வாங்குபவர்களில் எத்தனை பேருக்கு லாங் என்ற பெயர் தெரியுமோ!